துண்டுக்கு அடியில் ஒரு கை

என் கொழுந்தனுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு. மாமரத்துலருந்து விழுந்து, கை அழுகி, மதுரை டாக்டர் வெட்டி எடுத்துட்டாரு. அப்பவும் படிப்பை விடல. எடது கையால எழுதிப் பழகி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஐஸ்கூல்ல மெட்ரிகுலேசன் பாஸ் பண்ணிட்டான். பாஸ் பண்ணி என்ன செய்ய? ஆபீசு ஆபீசா ஏறி எறங்கினான். எல்லாரும் கையைப் பாத்தாங்களே ஒழிய படிப்பைப் பாக்கல.

மாமியார் இல்லாத வீடு. அவனை வளத்ததே நான்தான். ஒரு வேலையில உக்கார வைக்காம விடமாட்டேன்னு எனக்கு வைராக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ராவுத்தர் ஜவுளிக்கடை வச்சிருந்தாரு. இங்கிலீசுக் கடுதாசி படிக்க ஆள் வேணும், ஆனா யாவாரமும் பாக்கணும், ஒருநாள் நின்னு காட்டட்டும்னாரு.

சரின்னு அவனைப் பழக்க, ராஜபாளையத்துல எங்க வீட்டையே கடையாக்கிட்டேன். துணி அளக்குற கெஜக்கோலை முழங்கையால அமுக்கி அளக்கச் சொன்னேன். முனையைப் பல்லால கடிச்சுக்கிட்டு சேலை மடின்னேன். "வாங்குறவ எச்சில்னு வைய மாட்டாளா மதினி?"ன்னான். அட ஆமாலே! பொறவு நாடியால, மோவாயால அமுக்கி மடிக்கப் பழக்கினேன்.

எல்லாஞ் சொல்லிக் குடுத்த மகராசி, கடைசியா ஒரு துண்டை மடிச்சு அந்த மொட்டைக் கை மேல போட்டேன். "இது நழுவக் கூடாது. வர்றவுக மொகஞ் சுழிப்பாக"ன்னேன். சரின்னு மட்டும் சொன்னான்.

அன்னைக்கு நானும் கூடப் போனேன். கடைக்கு எதுத்தாப்புல மாட்டு வண்டிக்குள்ளயே உக்காந்துட்டேன். வத்திராயிருப்புலருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்துச்சு. விரிச்சான், அளந்தான், மடிச்சான், ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. மொகூர்த்தச் சேலையை எடுத்துப் பொண்ணோட அப்பன்கிட்ட நீட்டினான். எடது கையில.

"ஏலே, நல்ல காரியத்துக்கு வந்தா எடது கையில நீட்டுதியே! எம்புட்டுத் திமிரு ஒனக்கு?" அந்த மனுசன் எந்திரிச்சே நின்னுட்டாரு.

கொழுந்தன் எதுத்துப் பேசல. துண்டை உருவிப் போட்டான். "அடடா, தெரியாமப் போச்சே தம்பி"ன்னு அவரு உக்காந்துட்டாரு. ராவுத்தர் வந்து, மொட்டைக் கையையும் எடது கையையும் சேத்துச் சேலையை ஏந்த வச்சாரு. "இப்பிடி ரெண்டாலயும் குடுத்தா யாரு என்ன சொல்லப் போறா? இதைப் போயி ஏன் மூடி வச்சே?"

"சும்மாதான்"ன்னான். வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்ல.

எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. பாவி, அளக்கச் சொல்லிக் குடுத்தேன், மடிக்கச் சொல்லிக் குடுத்தேன், எடுத்துக் குடுக்கச் சொல்லிக் குடுக்கலயே! வீட்ல அவன் எடது கையில எதை நீட்டினாலும் நான் வாங்கிக்குவேன். ஊரு வாங்குமான்னு யோசிக்கல.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, "நாளையிலருந்து வரச் சொல்லிட்டாரு மதினி"ன்னான். நான் அழுதுட்டேன். "என்னாலதானய்யா அம்புட்டுப் பேரு முன்னால பேச்சு வாங்குனே. வர்றவுக மொகஞ் சுழிப்பாகன்னு பயந்துட்டேன்."

அவன் மாட்டைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொன்னான்.

"வந்தவுக யாரும் சுழிக்கல மதினி. கட்டு அவுத்த நாள்லருந்து நீங்கதான் அந்தக் கையைப் பாத்ததே இல்ல."