சாமந்தி மேல் விழும் வெளிச்சம்

எங்கள் சாமந்தித் தோட்டத்தை ஒட்டிய கம்பெனியில் சுவர் மேல் நாலு பெரிய லைட் போட்டபோது, திருட்டுப் பயம் போச்சு என்று முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஆயுத பூஜைக்காக மொட்டு வைக்கவேண்டிய நேரத்தில், சுவரோரச் செடிகள் மட்டும் வெறும் இலையாகவே வளர்ந்தன. பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. நோய் என்று நினைத்து மருந்தடித்தேன், உரமும் வைத்தேன். பிறகுதான் உறைத்தது. பூ தள்ளிப் பூக்கட்டும் என்று பசுமைக்குடில்காரர்கள் ராத்திரியில் பல்பு எரிப்பதை, கூலிக்குப் போன இடத்தில் நானே பார்த்திருக்கிறேன். சாமந்தி மொட்டு வைக்க இருட்டு வேண்டும்.

கம்பெனி கேட்டுக்குப் போய், லைட்டைக் கொஞ்சம் கீழே திருப்பச் சொன்னேன். தெற்கத்திக்கார செக்யூரிட்டி சிரித்தார்.

"அண்ணாச்சி, ஒங்க தோட்டத்துக்கும் சேத்துல்லா வெளிச்சம் போடுதோம். துட்டா கேட்டோம்?"

அரசாங்க ஆபீசில் மனு கொடுத்தேன். எட்டாவதோடு நின்றவன் எழுதியது, தப்பிருக்குமோ என்று நாலு தடவை படித்துவிட்டுத்தான் நீட்டினேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகப் படித்தார்.

"பொகைன்னா நோட்டீஸ் அனுப்பலாம், சத்தம்னா அனுப்பலாம். வெளிச்சத்துக்கு எந்த ரூல்ல அனுப்பறதுணா? நீங்களே சொல்லுங்க."

மனுவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"மனுவ வாங்கிக்கினாங்க."

பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது. இனி மொட்டு வராது என்று தெரிந்தும், வரப்பில் குச்சி நட்டு அவளுடைய பழைய புடவைகளைக் கட்டினோம். மூன்று வரிசைக்குத்தான் புடவை இருந்தது. மிச்சச் செடிகளெல்லாம் பளிச்சென்று நின்றன.