எந்தக் கோயில் என்று கேட்டது

எங்கள் ஆட்களைக் கமக்காரர், அதாவது விவசாயிகள், என்பார்கள். யாழ்ப்பாணத்தில் என் தகப்பனாருக்கு இருபது பரப்பு வயல் இருந்தது. அவர் மண்வெட்டி பிடித்து நான் கண்டதில்லை. உழுதவர்களும் அறுத்தவர்களும் வேறு மனிதர். அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ள முடியாது, எங்கள் கோயிலுக்குள் வர முடியாது. இவற்றையெல்லாம் பிற்காலத்தில் சிட்னியில் இருந்துகொண்டு புத்தகங்களில் படித்தேன், வெட்கப்படவும் கற்றுக்கொண்டேன். வெட்கப்பட்டதே போதும் என்று நினைத்திருந்தேன்.

மகள் தான் விரும்பியவரைக் சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கூட்டி வந்தது ஒரு ஞாயிறு மதியம். யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலூர்ப் பிள்ளை, பொறியியலாளர். நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் என் கணவர் வந்து, "எங்கட ஆக்களோ எண்டு ஒருக்காக் கேளுமன். நான் கேட்டால் வடிவாயிராது," என்றார். சாதிப் பெயரைச் சொல்லி நேரே கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. ஊரைக் கேட்போம், பிறகு கோயிலைக் கேட்போம். கோயிலைச் சொன்னால் மிச்சம் விளங்கிவிடும்.

சோற்றுக்குச் சொதி விட்டபடி, இயன்ற அளவு மென்மையாகக் கேட்டேன்.

"தம்பி, ஊரில உங்கட வீட்டுக்குக் கிட்ட எந்தக் கோயில்?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அன்ரி, எங்கட அப்பப்பா உங்கட ஆக்களின்ர வயலிலதான் நெல்லு வெட்டினவர். நீங்கள் கேட்டது அதுதானே?"

குரலில் கோபமில்லை. இக்கேள்வி அவர் முன்னால் பல தடவை வந்திருக்க வேண்டும். கணவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். இங்கே பிறந்த மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் திரும்பிப் போகையில், காரில், அவர் அவளுக்கு விளக்கியிருக்கிறார்.

அடுத்த மாதமே இருவரும் மெல்பேர்னில் உள்ள பொயிண்ட் குக்குக்குக் குடிபோனார்கள். கல்யாணப் பதிவுக்கு எங்களை அழைக்கவில்லை. விசாரிப்பவர்களிடம் கணவர் வேலை மாற்றம் என்கிறார். நானும் தலையாட்டுகிறேன்.

சென்ற வாரம்தான் மகள் என் அழைப்பை எடுத்தாள். கோயிலைக் கேட்பது பழைய வழக்கம் என்றேன். தகப்பன் கேட்கச் சொன்னதையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, வழக்கமாக ஆங்கிலத்தில் பதில் தருபவள், தமிழிலேயே சொன்னாள்:

"அவர் நீங்கள் நினைச்ச கோயிலைச் சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பீங்கள், என்னம்மா?"

பட்டிருப்பேன். அவளிடம், அப்பாவோடு கதைக்கிறாயா என்று கேட்டேன். அவள், வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.