சோதனைக்கு அனுப்பிய வேண்டுதல்

இணையதளம் அமைக்கிற தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற வேலையைச் செய்தவருக்குப் பாராட்டு கிடைக்கும், தெரியாத வேலையைச் செய்தவருக்கு "ஏன் மெதுவாத் தொறக்குது?" என்ற கேள்வி கிடைக்கும். நான் இரண்டாவது வகை. கல்யாண வீட்டில் அடுப்படியில் வெந்தது நீங்களாக இருந்து, பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்குப் பேர் கிடைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பத்து நிமிட மௌனம்

தூத்துக்குடியில் ஒரு தியானச் சங்கம். பெயர் வேண்டாம், சங்கம் என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம். சனிக்கிழமை சாயங்காலம் மில்லர்புரத்து வீடு ஒன்றின் மாடியில் சேர்ந்து உட்காரலாம். கடலுக்குப் போனவர்களுக்காகவும் வயலில் நிற்கிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளலாம். அவ்வளவுதான் கொள்கை. இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற மிக்கேல் அண்ணாச்சிதான் தலைவர். அவர்களுடைய பழைய இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. கட்டுமானம் எனக்கு, எழுத்தும் படமும் சாத்தான்குளத்திலிருந்து வருகிற முத்துச்செல்விக்கு. எனக்கு வயது நாற்பத்தொன்று, அவளுக்கு இருபத்தொன்பது. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

சங்கத்தில் எந்தக் கூட்டமும் பத்து நிமிட மௌனத்தோடுதான் தொடங்கும், பொத்தானுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று பேசுகிற கூட்டமாக இருந்தாலும். முதல் நாள் நானும் கண்ணை மூடினேன். மனசுக்குள் சர்வர் ஓடியது, வீட்டில் ஊறப்போட்ட உளுந்து ஓடியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே முத்துச்செல்வி. முகத்தில் அப்படி ஓர் அமைதி, நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. வேலையில் போட்டி என்றால் புரிகிறது, சும்மா உட்கார்வதிலுமா? சந்தேகத்துக்கு இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தாள். மௌனம் முடிந்ததும் அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இருந்தா செல்வி மாரி இருக்கணும். நீ ரெண்டு வாட்டி கண்ணத் தொறந்த பிள்ள."

மினுங்கும் விளக்கு

அவர் கண்ணும் திறந்திருந்தால்தானே என் கண் திறந்தது தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலையில் காட்டுவோம் என்று விட்டுவிட்டேன்.

பழைய தளம் திறந்ததும் தானாகப் புல்லாங்குழல் கேட்கும், நிறுத்த வழி கிடையாது. மேலே வரவேற்பு வாசகம் ஓடிக்கொண்டே இருக்கும், படித்து முடிப்பதற்குள் போய்விடும். மூலையில் ஒரு குத்துவிளக்கு மினுங்கும். உள்ளே பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகள். இன்றைய போனில் திறந்தால் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து, எழுத்து மாற்றி, பிழை பார்த்து, புதிய இடத்தில் வைத்தேன். மூன்று வாரம் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை.

செயற்குழுவுக்குக் காட்டும் நாள் வந்தது. தளம் சொடக்குப் போடுவதற்குள் திறந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மேலே முத்துச்செல்வி எடுத்த படம்: கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் இரண்டு பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் படத்தையே பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல படம்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல். சுமாராக இருந்திருந்தால் நானே தாராளமாகப் பாராட்டியிருப்பேன். கடைசியில், ஏரல் பக்கத்திலிருந்து வருகிற வயல்கார அண்ணாச்சி ஒருவர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒரு வார்த்தை வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எல்லாம் அம்சமா இருக்கு தங்கச்சி. அந்த மினுங்குத வெளக்க மட்டும் எங்கன கொண்டு போட்ட?"

நடுத்துண்டு

சங்கத்துக்கு வருகிற வேண்டுதல்களுக்காகச் செபிப்பது புன்னைக்காயலில் பிலோமி அக்காவின் கூட்டம். மீன் தரம் பிரிக்கிற பெண்கள், பன்னிரண்டு பேர். அதுவரை வேண்டுதல்கள் துண்டுத்தாளிலும் போன் பேச்சிலும் வந்துகொண்டிருந்தன. இனிமேல் தளத்தில் ஒரு படிவம் வழியாக வரவேண்டும். அவர்களுடைய வழக்கத்தைக் கேட்டு வர நான் போனேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு செல்வியும் வந்தாள். புன்னைக்காயல் என் அம்மா பிறந்த ஊர். இங்கேயாவது என் கொடி பறக்கும் என்று நம்பினேன்.

வழக்கம் இதுதான். வருகிற வேண்டுதலைப் பிலோமி அக்கா நோட்டில் எழுதிக்கொள்வார். ஒன்பது சாயங்காலம் அதற்காகச் செபிப்பார்கள். ஒன்பது முடிந்ததும் கேட்டவரிடமிருந்து 'போதும், மனசு ஆறிவிட்டது' என்று சொல் வரவேண்டும். வராவிட்டால் இன்னொரு ஒன்பது நாள். இதற்கு நான் ஒரு வழி சொன்னேன். படிவத்தில் பெயரே வேண்டாம், போன் எண்ணும் யார் கண்ணிலும் படாது. அனுப்பியவர் போனுக்கு ஒரு பொத்தான் போகும். மனசு ஆறியதும் அதை அழுத்தினால் போதும், செபத்தை நிறுத்திக்கொள்ளலாம். நல்ல யோசனை இல்லையா? நீங்களாவது சொல்லுங்கள். அங்கே கேட்க ஆளில்லை. பன்னிரண்டு பேரும் செல்வியின் கேமராவுக்குள் தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு குசினியிலிருந்து சீலா மீன் குழம்பு வந்தது. நடுத்துண்டு என் தட்டில்தான் விழுந்தது. பிலோமி அக்கா பார்த்தார், கரண்டியால் அதை அலுங்காமல் எடுத்துச் செல்வி தட்டில் வைத்தார். என் முகம் போன போக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சமாதானமும் சொன்னார்: "நீ நம்ம வீட்டுப் பிள்ள, எப்பன்னாலும் தின்னுக்கிடலாம். அவ ஊருல இந்த மீனு இப்படிக் கெடைக்குமாளா?"

என் வீட்டுக்காரர் கணக்கு

தளம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது மிக்கேல் அண்ணாச்சி ஒன்று சொன்னார். தளத்தை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். வேண்டுதல்களை முதலில் படிப்பவர் அவர்தான். எந்த வேண்டுதலுக்குச் சொல் வரவில்லை என்று கூட்டத்துக்குத் தெரிவிப்பவரும் அவர்தான். எங்கள் இருவரில் ஒருவரை வைத்துக்கொள்வதாகவும், யார் என்பதைத் திறப்பு நாளில் சொல்வதாகவும் சொன்னார்.

அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உப்புக் கம்பெனிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஜவுளிக்கடைக்கு எல்லாம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கட்டி முடித்ததும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். 'நீ எங்களோடேயே இரு' என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. முதல் தடவையாக அப்படி ஓர் இடம் இருக்கிறது, அதன் வாசலில் முத்துச்செல்வி நிற்கிறாள். எழுதத் தெரிந்தவள், படம் எடுக்கத் தெரிந்தவள், போதாக்குறைக்குக் கண்ணை மூடி உட்காரவும் தெரிந்தவள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒவ்வொரு நாளும் கொட்டினேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "வந்ததுல இருந்து அந்தப் பிள்ள பேரத்தான் சொல்லுத. ஒன் பேர ஒரு வாட்டி சொல்லு பாப்போம்."

மத்தியானம் மூன்று மணிக்கு

சனிக்கிழமைக் கூட்டத்தில் செல்வி புதுப் படங்களைக் காட்டப்போகிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு முன்னால் என் படிவம் ஓடுவதைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். சோதித்துப் பார்க்கும் வரை வேண்டுதல்கள் என் போனுக்கு வரும்படி வைத்திருந்தேன். அந்த அவசரத்தில் வெள்ளிக்கிழமை காலையிலேயே அதைப் பிலோமி அக்கா போனுக்கு மாற்றிவிட்டேன். மாற்றியதை மறந்தும்விட்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசியாக ஒரு தடவை சோதித்தேன். வழக்கமாக இதற்கு 'ஒன்று இரண்டு மூன்று' என்று அடிப்போம், அல்லது கை போன போக்கில் நாலு எழுத்துத் தட்டுவோம். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இப்படி அடித்தேன்: 'என்னோடு வேலை பார்க்கிறவளை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அவள் சும்மா இருந்தாலும் கொண்டாடுகிறார்கள். அவள் சிரித்தால் எனக்கு வயிறு எரிகிறது. இனி வருகிற நல்லது எனக்கு வரவேண்டும். அவளுக்கு வரவே கூடாது.' யாருக்கும் போகப்போவதில்லை என்ற தைரியத்தில் அனுப்பு என்பதை அழுத்தினேன். நெஞ்சு கொஞ்சம் லேசானது உண்மை. என் போனுக்கு வேண்டுதல் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன், வந்தது பிலோமி அக்காவின் அழைப்பு. "ஏளா ஜாஸ்மின், ஒன் படிவம் நல்லா வேல செய்யுது. மொத வேண்டுதல் வந்துட்டு. பாவம், யாரோ ஒரு பிள்ள உள்ளுக்குள்ள வெந்து கெடக்கா."

எனக்காக நானே

முதல் வேண்டுதல் என்பதால் படிவத்தைச் செய்தவர்களும் வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். இப்படி ஒரு தண்டனை உங்களில் யாருக்காவது கிடைத்திருக்கிறதா என்று தெரியவில்லை. புன்னைக்காயலில் அந்தச் சாயங்காலம் முட்டி போட்டேன். பக்கத்தில் முத்துச்செல்வி. கேமராவைப் பைக்குள் வைத்து மூடிவிட்டாள். பிலோமி அக்கா என் வாசகத்தை நோட்டிலிருந்து வரி விடாமல் வாசித்தார். அந்தப் பெண் கேட்டதைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் எரிச்சலைத் தணி என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து கேட்டேன். கேட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தால் செல்வி கன்னத்தில் கண்ணீர் வடிகிறது. எனக்காக என்னைவிட அவள் நன்றாகச் செபித்தாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

முடிந்ததும் பிலோமி அக்காவைத் தனியே கூப்பிட்டேன். தளம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாராவது சோதனைக்கு அனுப்பியதாக இருக்கும், இதற்குப் போய் ஒன்பது நாள் எதற்கு, நோட்டில் கோடு போட்டு அடித்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் நோட்டை மறுபடி திறந்து, வாசகத்தின் மேல் விரல் வைத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சோதனைக்குப் போடுதவ இவ்வளவு வெவரமாவா எழுதுவா?"

திறப்பு நாள்

ஒன்பதாவது சாயங்காலமும் திறப்பு நாளும் ஒரே சனிக்கிழமையில் வந்தன. புன்னைக்காயல் கூட்டம் வேன் பிடித்து மில்லர்புரத்து மாடிக்கே வந்துவிட்டது. பத்து நிமிட மௌனம், பிறகு எனக்கான கடைசிச் செபம், பிறகு தளம் திறப்பு. தளம் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது. ஏரல் அண்ணாச்சிக்காக மூலையில் ஒரு சின்ன விளக்கும் மினுங்க வைத்திருந்தேன். அதற்கும் அவர் செல்வியைப் பார்த்துத்தான் கும்பிட்டார். மிக்கேல் அண்ணாச்சி எழுந்து, பொறுப்பாளர் முத்துச்செல்வி என்று சொன்னார். நான் கை தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டியதாக என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

கடவுச்சொல்லை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அந்த முதல் வேண்டுதலை அழித்துவிடலாமா என்று விரல் போனது. நோட்டில் இருப்பதை எப்படி அழிப்பது என்று விட்டுவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "அந்த வேண்டுதல வாசிக்கும்போது என் மனசத்தான் யாரோ எழுதிட்டாவன்னு நெனச்சேன்க்கா. உங்களுக்கு எல்லாம் தெரியுது, உங்க கைபட்டா எல்லாம் ஓடுது. வந்த நாள்ல இருந்து உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாம."

சொல் வரவில்லை

அந்தப் படிக்கட்டில் நானும் சொல்லியிருக்கலாம். 'எழுதியது நான்தான், உன்னைத்தான் எழுதினேன்' என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். வாய் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்து, முகம் தெளிந்து நின்றாள். மனசில் இருந்ததை இறக்கி வைத்தவள் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்தத் தெளிவைப் பார்த்ததும் பழையபடி பற்றிக்கொண்டது. பொறுப்பு போனதுகூடப் பெரிதில்லை. பொறாமையை ஒப்புக்கொள்வதிலும் என்னை முந்திவிட்டாளே என்றுதான் இருந்தது. 'அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாக வேலை பார்' என்று பெரிய மனுஷி போலத் தோளில் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. பொறுப்பாளர் என்ற முறையில் பேசினாள். முதல் வேண்டுதலை அனுப்பியவர் இன்னும் பொத்தானை அழுத்தவில்லையாம். பொத்தான் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று என்னிடம் கேட்டாள். சேர்ந்தது என்றேன். என் போனில் அது பச்சை நிறத்தில் இருந்தது. அழுத்தினால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதில் நானே எழுதிய வாசகம் 'மனசு ஆறிவிட்டது' என்பது. ஒன்பது நாள் எனக்காக முட்டி போட்டவர்களிடம் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. செல்வி கேட்டாள்: "அப்பம் அவுகளுக்கு இன்னும் ஆறல போல. இன்னொரு ஒம்பது நாளு போடச் சொல்லட்டுமாக்கா?"

போடச் சொன்னேன், இப்போது மூன்றாவது ஒன்பது நாள் நடக்கிறது, நான் கட்டியதிலேயே ஒரு கோளாறும் இல்லாமல் வேலை செய்கிற பொத்தான் அது ஒன்றுதான், அதை அழுத்த வேண்டிய ஆள்தான் இன்னும் சரியாகவில்லை.