மாமன் ஏற்றிய கூம்பு

புதிதாக வாங்கிய வேக்குவம் கிளீனரின் கண்ணாடி டப்பாவுக்குள் தூசி சுழன்றுகொண்டிருந்தது. ஓரமாக ஒட்டிச் சுற்றி, மெல்லக் கீழே இறங்கியது. அதைப் பார்த்ததும் மனசு சின்ன வயதில் இருந்த அன்னூர் வீட்டுக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டை ஒட்டியே அம்மாவின் அண்ணன், என் மாமன், மாட்டுத்தீவன மில் வைத்திருந்தார். மக்காச்சோளத் தூசி கொடித்துணியெல்லாம் மஞ்சளாகப் படியும். அம்மாவுக்கு இளைப்பு எடுக்கும். ஒருநாள் மில்லுக்கு வெளியே பெரிய தகரக் கூம்பு ஒன்றை ஏற்றினார் மாமன்.

"உங்கம்மாளுக்காகத்தான் கண்ணு. தூசிக்காத்து பக்கவாட்டுல பூந்து சுத்தும். தூசி கனமில்லையா, செவுத்துல மோதிக் கீழ உழுந்துரும். நல்ல காத்து மட்டும் நடுவால மேல போயிரும்" என்றார்.

அம்மா அன்றுதான் மில் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். இளைப்பு கூடியது. அண்ணன் பொய் சொல்லமாட்டார் என்று, அப்போதும் சாத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போய்க் கூம்பின் அடியில் தூசி விழவேண்டிய பெட்டியைத் திறந்தோம். உள்ளே சிலந்தி வலைதான் இருந்தது. மேலே மில்லிலிருந்து வரும் குழாய் கூம்பில் சேரவேயில்லை.

"ஏனுங்ணா, குழாயே மாட்டலீங்களா?" அங்கே வந்த மாமனிடம் அம்மா கேட்டாள்.

"மாட்டுனா கரண்டு ரொம்ப இழுக்குது அம்மணி. தூசியச் சோதிக்க ஆபீசருங்க வந்தா காட்டறதுக்கு வெச்சுப்போட்டேன்."

"அப்பறம் எனக்காகன்னு எதுக்குங்ணா சொன்னீங்க?"

மாமன் வாசலில் வந்து நின்ற லாரிக்காரரிடம் பேசப் போய்விட்டார். அன்றோடு அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

போன வாரம் மாமன் எனக்குப் போன் செய்தார். "உங்கம்மா எதுக்குக் கண்ணு இத்தன வருசமா என்றகூடப் பேசறதில்ல?"

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை; அவர் மறந்தே போயிருந்தார்.