எச்சில் பல்பு

பிளாஷ் எரியாமல் போனால் ஜனங்கள் காமிராவைத் திட்டமாட்டார்கள். காமிராக்காரனைத்தான் திட்டுவார்கள். பாறசாலை சந்தியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ‘ஸ்டுடியோ’ என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்திருந்த நான் அந்தத் திட்டுகளை இரண்டு பாஷையிலும் வாங்கியிருக்கிறேன். தமிழில் திட்டினால் சுருக்கென்று முடிந்துவிடும். மலையாளத்தில் கொஞ்சம் ராகம் இருக்கும். உறைப்பதென்னவோ ஒரே மாதிரிதான்.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் தாலுகா மதராஸோடு சேருமா, மலையாளத்தோடேயே நிற்குமா என்று ஒவ்வொரு சாயாக்கடையிலும் தினமும் ஒரு தீர்ப்பு வந்துகொண்டிருந்தது. நான் எந்தப் பக்கமும் கொடி பிடிக்கவில்லை. எனக்கு என் பிளாஷோடு நடத்தவே போராட்டம் சரியாக இருந்தது.

ஊரைவிட்டுத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து வாங்கிய காமிரா அது. பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைகிற பெரிய சைஸ். பக்கத்தில் டார்ச் லைட் மாதிரி ஒரு குழல், அதற்குள் பாட்டரி, தலையில் பளபளவென்று ஒரு கிண்ணம், கிண்ணத்தின் நடுவே பல்பு. ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். எரிந்தால் அதோடு அது குப்பை. காமிராவில் பொத்தானை அழுத்தினால் ஒரு ஒயர் வழியாகக் கரண்டு ஓடி பல்பு எரிய வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ஒயரின் முனை காமிராவில் செருகும் இடத்தில் ஆடும். பல்பின் அடிப்பாகமும் குழலுக்குள் சரியாகத் தொடாது. இரண்டில் ஒன்று கோபித்துக்கொண்டால் படம் வெறும் இருட்டு.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி இடுக்கில் திணித்தேன். சைக்கிள் டியூபை நறுக்கி ஒயரைக் கட்டினேன். குளத்தூர் பக்கம் ஒரு போராட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, பேச்சாளர் முஷ்டியை உயர்த்தி ஒரு வாக்கியத்தை முழங்கினார். அழுத்தினேன், எரியவில்லை. “ஒரு தடவைகூட, ஐயா” என்றேன். அவரும் நல்ல மனுஷன், அதே வாக்கியத்தை அதே முஷ்டியோடு திரும்ப முழங்கினார். எரியவில்லை. மூன்றாவது தடவை அவர் முஷ்டியை உயர்த்தும் முன்பே கூட்டம் கைதட்டிவிட்டது. நான் மூட்டை கட்டும்போது, யாரும் கேட்காமலே, பளிச்சென்று எரிந்தது. படத்தில் என் செருப்பு மட்டும் ஜோராக விழுந்திருந்தது. சர்க்கார் என்னைக் காசு கொடுத்து அனுப்பியிருப்பதாக ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள். அட போங்கப்பா!

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது என் நாக்குதான். பல்பைப் போடுவதற்கு முன்னால் அதன் அடிப்பாகத்தை ஒரு நக்கு நக்கினால் போதும், ஈரத்தில் கரண்டு ஓடும். நாகர்கோவில் முதல் கொல்லம் வரை காமிராக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். எங்கள் மிஷன் கோவில் கல்யாணங்களில் நான் பாதிரியார் முன்னாலேயே நக்குவேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் குன்னத்துகாலில் ஒரு வீட்டில் இருந்து ஆள் வந்தது.

அந்த வீட்டுப் பையனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர்கள் சைவர்கள், வயலும் தென்னந்தோப்பும் உள்ள பழைய குடும்பம். அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பா, தாசில்தார் ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டை நடத்தினார். என் கூட்டாளி போராட்டத்தில் குதித்து, மறியலில் பிடிபட்டு, ஜெயிலில் இருந்தான். ‘இனி இதில் சேரமாட்டேன்’ என்று ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். அவன் போடவில்லை. இந்த நிலையில், மாப்பிள்ளையை அவன் பார்க்காமலே, அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

போய் முற்றத்தில் சைக்கிளை நிறுத்தியதும் கல்யாணப்பெண்ணே வெளியே வந்தாள். அவள் அம்மா எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணா, ஒரு படம் வேணும். தாலி கழுத்துல ஏறினது தெரியணும்” என்றாள் அவள்.

“அதுக்கென்ன பிள்ளே, பத்து எடுப்போம்.”

“விளையாடாதீங்க. அண்ணன் பிடிபட்டதுனால மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கல்யாணத்துல இருந்து ஒழிஞ்சுட்டாங்கண்ணு ஆரோ ஜெயில்ல போய்ப் பறஞ்சிருக்கு. மாப்பிள்ளை நெய்யாற்றின்கரையில சர்க்கார் உத்தியோகமில்லியா, அதுனால அண்ணன் அப்படியே நம்பியாச்சு. எனக்க கல்யாணம் நின்னு போச்சுண்ணா ஒப்புப் போட்டுட்டு வந்துருவேன்னு சொல்லி விட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை வரைதான் பாப்பாராம்.”

“கல்யாணம் நடக்குண்ணு ஒரு லெட்டர் எழுதப்படாதா?”

“எங்க லெட்டரை அவரு நம்பமாட்டாரு. அம்மை பதினஞ்சு நாளு காய்ச்சல்ல கிடந்தப்போ எல்லாரும் சொகம்ணு எழுதி, பின்னே கள்ளம் வெளியில வந்துட்டுது. அண்ணா, எனக்கு வேண்டி அவரு குனியப்படாது. குனிஞ்சாருண்ணா பின்னே நான் எந்த மொகத்தோட அந்த வீட்டுல சோறு திங்கது?”

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் புதன்கிழமை. வியாழக்கிழமை ஜெயிலில் ஆட்களைப் பார்க்க விடும் நாள். “நானே கொண்டு போய்க் குடுக்கேன், போதுமா?” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் இருந்தது இரண்டே பல்பு. ஹர்த்தால், பஸ் மறியல், கடையடைப்பு என்று மாறி மாறி நடந்ததில் புதுச் சரக்கு ஒரு பக்கத்திலிருந்தும் வரவில்லை.

புதன்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டு நின்றது. ஓலைப் பந்தலுக்குள் குத்துவிளக்கு வெளிச்சத்தில்தான் ஆள் முகமே தெரிந்தது. பிளாஷ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாகிவிட்டது. நான் காமிராவைத் தயார் செய்து, முதல் பல்பை எடுத்து, வழக்கம் போல நாக்கில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

“எலே! எந்தாலே அது?”

பெரியப்பாதான். ஓய்வு பெற்றாலும் ஆபீஸ் குரல் ஓய்வு பெறவில்லை. நாதஸ்வரக்காரர்கூட சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“பல்பு, பெரியப்பா. கொஞ்சம் ஈரம் காட்டினாத்தான் எரியும்.”

“ஈரமா? எச்சிலாக்கும் அது! விளக்கு எரியுத இடத்துல, ஓமம் வளத்துத இடத்துல, எச்சில் பண்ணின சாதனத்தக் கொண்டாந்து எரிக்கியா?”

“ஊசியில நூல் கோக்கதுக்கு நாக்குல தொடலியா பெரியப்பா?”

“ஊசி மணவறைக்கு வராதுலே!”

சபை சிரித்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அந்தப் பல்பை ஒரு வாழையிலைத் துண்டில் வாங்கி, அருவருப்பான எதையோ கொண்டுபோவது போல விரல்நுனியில் பிடித்து மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் எறிந்தார். டப் என்று அது உடைந்த சத்தம் எனக்கு இங்கே கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு காமிராவை மடக்கிக்கொண்டு போயிருப்பேன். பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது பல்பை வேட்டி நுனியால் துடைத்து, உலர்ந்தபடியே போட்டேன். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கர்த்தாவே, இந்த ஒரு தடவை! அழுத்தினேன்.

டிக். அவ்வளவுதான். வெளிச்சம் வரவில்லை. இன்னொரு பிலிம் பிளேட் மாற்றி அழுத்தினேன். டிக். கிண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டினேன், ஒயரைத் திருகினேன், வாய்க்குள் வசைபாடினேன். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை போட்ட கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. எனக்கு வேர்த்து ஊற்றியது. வெள்ளிக்கிழமை அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றால் அதற்கு நான்தான் காரணம்.

“எரியல்லியா அண்ணா?” கழுத்தில் தாலியோடு மணவறையில் இருந்தே கேட்டாள்.

“இல்ல பிள்ளே.”

“அந்தப் பல்பை இஞ்ச தாருங்க.”

கொடுத்தேன். அவள் ஒரு யோசனையும் இல்லாமல், சபை பார்க்க, பெரியப்பா பார்க்க, நாக்கை நீட்டி நக்கினாள். திருப்பி என் கையில் தந்தாள்.

“பிள்ளே!” என்றார் பெரியப்பா.

“இது எனக்க எச்சிலாக்கும், பெரியப்பா. எனக்க கல்யாணமும்.”

பந்தல் ஒரு கணம் அப்படியே திகைத்துப் போய், பிறகு மொத்தமாகச் சிரித்தது. மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளும் தன்னை அடக்க முடியாமல் சிரித்தாள். இனிமேல் ஒயரை நம்ப நான் மடையனா? காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸைத் திறந்தபடி விட்டு, பல்பை நேரே எரிக்க குழலின் முதுகில் உள்ள சின்னப் பொத்தானைக் கட்டைவிரலால் நெரித்தேன். பந்தல் முழுக்க வெள்ளை வெளேரென்று எரிந்தது. குழந்தைகள் கத்தின. லென்ஸை மூடிவிட்டு நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே இருட்டறையில் கழுவினேன். தாலி தெளிவாக விழுந்திருந்தது. அவள் பல் தெரியச் சிரித்தாள். மாப்பிள்ளை அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். முறைப்படி பார்த்தால் கல்யாணப் படமே இல்லை அது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் நெய்யாற்றின்கரைக்கும், அங்கிருந்து கிடைத்த பஸ்ஸில் ஜெயிலுக்கும் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வார்டர், “ஆரா? பந்துவாணோ?” என்றார், சொந்தக்காரனா என்று.

“போட்டோகிராபராணு” என்றேன். படத்தை வாங்கிப் பார்த்தார். “கொள்ளாமல்லோ!” என்றார், நன்றாயிருக்கிறதே என்று. சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் என் கூட்டாளி வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது, தாடி வைத்திருந்தான். படத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

“அவ சிரிக்கா, லே” என்றான்.

“ஓ. சிரிச்சா.”

“நிமிந்து நின்னு போஸு குடுத்திருந்தான்னா, எனக்கு வேண்டி எவனையோ வேஷம் கெட்டி நிறுத்தினதுண்ணு நெனச்சிருப்பேன். இவ சிரிக்கா. அவனும் பாக்கான் பாரு, ஒழிஞ்சு போறவன் இப்படிப் பாப்பானா?”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். மன்னிப்புக் கடிதம், எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதைக் கிழித்தான். கிழித்த துண்டுகளைக் கீழே போட்டால் வார்டர் ஏசுவார் என்று திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தோம்.

திரும்பி வரும்போது நான் பஸ்ஸில் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு தலைக்கனம். எல்லையை நானே பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. நேரே குன்னத்துகாலுக்குச் சைக்கிளை விட்டேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியப்பா தோப்புக்குப் போயிருந்தார். கூட்டாளியின் அம்மா மட்டும் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய ஏத்தன் வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா மக்கா? எப்படி இருக்கான்?”

“கொஞ்சம் மெலிஞ்சிருக்கான். வேற கொழப்பம் ஒண்ணும் இல்ல.”

“ஒப்பு?”

“போடல்ல அம்மா! படத்தைப் பாத்தான், கடிதத்தைக் கிழிச்சுப் போட்டான். நான் கண்ணால கண்டேன். இனி அவன் குனியமாட்டான்.”

சபாஷ் என்று சொல்வார் என்று நின்றேன். அவர் கையில் இருந்த காயை முழுவதும் சீவி முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை.

“அப்போ அவன் வரமாட்டான், இல்லியா?”

“கேஸ் முடிஞ்சா வருவான், அம்மா.”

“எப்ப முடியும்?”

எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்? அவர் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

“ஒரு எடத்துலயும் நேரா எரியாத சாதனம்ணு ஊரே பறையுது. நேத்து அந்த ஒரு தடவை எரியாம இருந்திருக்கப்படாதா மக்கா?”

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கைய கழுவு, சோறு தாறேன்” என்று எழுந்து உள்ளே போனார். இலை போட்டார், உட்கார்ந்து சாப்பிட்டேன்.