உப்புத் தண்ணீர் டம்ளர்

சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்த வாரம், மலாக்காவில் ஆம்புலன்ஸ் உதவியாளராகச் சேர்ந்தேன். வண்டி கிளம்புமுன் கட்டுத்துணி, எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் மரச்சட்டம், ஆக்சிஜன், குவளை என்று வரிசையாகத் தொட்டுப் பார்ப்பேன். டிரைவருக்குச் சிரிப்பு தாங்காது. நர்ஸுகளைப்போல என்னையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்.

“எண்ணியாச்சா மிஸ்ஸி? ஆளு உசுரோட இருக்கறப்பவே போய்ச் சேரலாமா?”

அந்த வாரமே காஜா பேராங்கில் ஒரு வீட்டுக்கு அழைப்பு. பக்கத்துக் காப்பிக்கடையிலிருந்து யாரோ போன் செய்திருந்தார்கள். வண்டி நின்றதும், வாசலில் இருந்த ஆள் அவசரமாகப் பின்கட்டுக்குப் போய், கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு திரும்பினார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். உதடு வீங்கி வெளுத்திருந்தது. அதன்மேல் யாரோ தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்கள். எச்சில் வழிந்தது. பேச முடியவில்லை. ஆச்சார் ஊறுகாய் போட நறுக்கிய வெள்ளரிக்காய் பக்கத்தில் கிடந்தது. அறை முழுக்க, ஊறுகாய்க்கு ஊற்றும் காடியின் புளித்த வாசனை.

“என்ன சாப்பிட்டாங்க?”

“ஒண்ணுமில்ல. நேத்துலேருந்து வயித்துவலி” என்றாள் மாமியார்.

“வயித்துவலிக்கு உதடு வேகுமா?”

“சூடா காப்பி குடிச்சிருப்பா.”

கணவர் என்னையும் டிரைவரின் காக்கிச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலம் ஓயாத நாட்கள். வாசலில் அரசாங்க வண்டி நின்றால் யாரும் நல்லதாக நினைப்பதில்லை. அவர் பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்வதாக மாமியார் சொன்னாள். உடனே சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல நிறுத்திக்கொண்டாள்.

தோட்டத்து ஸ்டோரில் லாலாங் புல்லைக் கொல்லும் மருந்து இருக்கும். அதுவும் வாயைப் பொசுக்கும். அதைக் குடித்தவரை உடனே வாந்தியெடுக்க வைக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அமிலம் என்றால் வாந்தியே கூடாது. போன வழியெல்லாம் மறுபடி வெந்துவிடும். எது என்று தெரியாமல் நான் எதைச் செய்தாலும் அவள் சாகலாம்.

அவள் முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “புல்லு மருந்தா?” இல்லையென்று தலையாட்டினாள். “யாராவது குடுத்தாங்களா?” அதைவிட வேகமாக இல்லையென்று ஆட்டினாள். கண் கணவரிடம் போய் நின்றது. நான் அவளை நம்பவில்லை. எந்தப் பெண் புருஷனை வைத்துக்கொண்டு ஆமாம் என்பாள்?

“இது மாத்தா வண்டி, போலீசு வண்டி இல்லண்ணே. ஆஸ்பத்திரி வண்டி. என்னன்னு சொல்லுங்க” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது, மிஸ்ஸி.”

அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவர் பார்வையே சொன்னது. புல் மருந்துதான் என்று முடிவு செய்தேன். வாந்தியெடுக்க வைக்க மாமியாரிடம் உப்புத் தண்ணீர் கேட்டேன். அவள் டம்ளர் நிறையக் கரைத்து வந்தாள். நான் அதை வாங்கி அந்தப் பெண்ணின் வாயருகே கொண்டுபோனேன்.

கணவர் பாய்ந்து தட்டிவிட்டார். டம்ளர் அடுப்பில் மோதி உருண்டது.

“வாந்தி எடுக்க வைக்காதீங்க! அது ரப்பர் பால் ஒறைய ஊத்துற ஆசிட்!”

“அடப்பாவி, வேலை போயிருமேடா” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. புக்கிட் காதிலில் அண்ணனுடைய சிறு தோட்டத்துக்காக ஸ்டோரிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்தது. காடி பாட்டில் போன்ற பாட்டிலில் ஊற்றி, காடியின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அவள் புளிப்புப் பார்க்க ஒரு வாய் எடுத்திருக்கிறாள். எங்கள் வண்டியைக் கண்டதும் அந்தப் பாட்டிலைத்தான் பின்கட்டில் ஒளித்திருக்கிறார்.

வாயைக் கழுவி, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போனோம். வண்டியில் அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோட்டத்துக்குச் சொல்லிருவீங்களா?” என்று கேட்டார். நான் குவளையை மறுபடி அவள் உதட்டில் சாய்த்தேன். எனக்கும் அது புதிய வேலை. மறைத்தது தெரிந்தால் அதுவும் போகும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஆசிட் என்றேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

“சமையலறையில இருந்த பாட்டில், டாக்டர்.”

அவர் அதையே எழுதிக்கொண்டார்.

அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கரகரத்துப் போனது. அந்தக் கணவர் அதன்பின் எங்கள் வண்டியைத் தெருவில் கண்டால், சைக்கிளை விட்டிறங்கிச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுவார். என்றைக்காவது நான் சொல்லிவிடுவேன் என்றே நினைத்திருப்பார்.

பல மாதம் கழித்து அவள் டிரைவரிடம் ஒரு ஜாடி ஆச்சார் கொடுத்தனுப்பினாள். அவர் வண்டியிலேயே பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

நான் முதலில் மோந்து பார்த்தேன்.