கண்ணாடித் தட்டில் ஒரு தூசி

குட்மேய்ஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் அமெரிக்க அம்மையார் இருந்தார். ஓய்வுபெற்ற வானியலாளர். நான் காலைத் தேநீரோடு போகும்போது ஜன்னலைப் பார்த்தபடி இடக்கண்ணை மூடுவார், பிறகு வலக்கண்ணை. ஒரே வானத்தை வெவ்வேறு இரவுகளில் எடுத்த கண்ணாடிப் படத்தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தப் புள்ளி மாறியிருக்கிறது என்று தேடுவதுதான் அவருடைய உத்தியோகமாம். கண்கள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்து, கடைசிப் பரீட்சைக்கு முன் போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு ஓடிவந்தவன் நான். அந்தக் கண்களைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

"ஏதாவது கண்டுபிடித்தீர்களா?" என்று ஒருநாள் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"ஒரு தட்டில் மட்டும் புதிதாக ஒரு நட்சத்திரம் தெரிந்தது. மறுபடி வரும் என்று மூன்று வருடம் அதே இடத்தைப் பார்த்தேன். கடைசியில் அது தட்டில் ஒட்டிய தூசி!" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேலை போய்விட்டதா?"

"ஏன் போகவேண்டும்?" உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். "அடுத்த தட்டை எடுத்தேன்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு தூசிக்கு மூண்டு வருசமோ? ஆரப்பா அவவை அப்பிடி விட்டது?" என்றாள்.

அந்த நட்சத்திரம் மெய்யாக இருந்திருந்தால் மதித்துவிட்டுப் போயிருப்பேன். பிழை செய்ய அவருக்கு மூன்று வருடம் கிடைத்தது. பரீட்சை எழுத எனக்கு மூன்று மணித்தியாலம் கிடைக்கவில்லை.